தொலைந்த சொந்தங்கள்: ஒரு பத்திரிகைப் பத்தியின் கதை

சார்ள்ஸ் செஸ்நட் என்ற அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளரின் பெயர் நம்மிடையே அதிகம் அடிபட்டதில்லை. 1898 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'அட்லாண்டிக் மன்த்லி' சஞ்சிகையில் அவருடைய 'இளமைக் கால மனைவி' என்னும் சிறுகதை வெளிவந்தது. இன்றைய பேச்சை அந்தக் கதையிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

வட அமெரிக்க நகரமொன்றில் ரைடர் என்றொரு மனிதர். கறுப்பினத்தவர், ஆனால் வெளிறிய நிறம். நல்ல உத்தியோகம், நல்ல வீடு, கவிதையில் ஈடுபாடு. தம்மைப் போன்ற மேல்தட்டுக் கறுப்பினத்தவரின் சங்கமொன்றில் பெரும்புள்ளி. அன்றிரவு தமது வீட்டில் விருந்து வைத்து, படித்த அழகிய விதவை ஒருத்தியிடம் தம்மை மணக்கும்படி கேட்பதாக இருக்கிறார். பிற்பகலில் ஒரு கிழவி படியேறி வருகிறாள். குள்ளமான, கரிய, பல்லுப் போன கிழவி. பெயர் லைசா ஜேன். "என்ர புருஷனைத் தேடுறன் ஐயா, சாம் ரெய்லர் எண்டு பேர், கேள்விப்பட்டிருக்கிறியளோ?" என்ற பாங்கில் விசாரிக்கிறாள். இருபத்தைந்து வருடங்களாகத் தேடுகிறாள். ஊர் ஊராகச் சமையல் வேலை செய்து, கையில் காசு சேர்ந்ததும் அடுத்த ஊருக்குப் போகிறாள். கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட பொட்டலத்தில் கணவனின் பழைய புகைப்படம். ரைடர் அதை வாங்கி நெடுநேரம் பார்க்கிறார். விலாசத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அவளை அனுப்பிவிட்டு, உள்ளே போய்க் கண்ணாடியின் முன் நிற்கிறார்.

கதையின் முடிவைப் பிறகு சொல்கிறேன். இதைப் படித்து முடித்தபோது எனக்குச் சிறிது சந்தேகம் இருந்தது. இருபத்தைந்து வருடம் தேடுவதாவது, தேடியவனின் வீட்டு வாசலிலேயே வந்து நிற்பதாவது! நமது பழைய நாடகங்களிலே கடைசிக் காட்சியில் மச்சத்தைக் கண்டு மகனை அறிவதைப் போன்ற ஒரு சோடனை என்றே நினைத்தேன். அமெரிக்க அடிமை முறையின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்த பின்னர்தான் செஸ்நட் சோடித்தது மிகக் கொஞ்சம் என்பது புரிந்தது.

நியூ ஒர்லீன்ஸ் நகரிலிருந்து 'சவுத்வெஸ்டேர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்' என்றொரு மெதடிஸ்த வாரப் பத்திரிகை 1877 முதல் வெளிவந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கான பத்திரிகை. அதிலே 'தொலைந்த நண்பர்கள்' என்ற தலைப்பில் ஒரு பத்தி. நண்பர்கள் என்றது பெயருக்குத்தான். தேடப்பட்டவர்கள் தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர். பத்தியின் தலையிலே பத்திரிகையாசிரியரின் அறிவித்தல் ஒன்று திரும்பத் திரும்ப வரும். சந்தாதாரரின் கடிதங்களுக்குக் கட்டணமில்லை, மற்றையோர் 50 சதம் செலுத்த வேண்டும். போதகர்மார் இக்கடிதங்களைத் தத்தம் பிரசங்க பீடத்திலிருந்து சபையாருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். யாராவது ஒன்று சேர்ந்தால் எங்களுக்கு அறியத் தர வேண்டும். இவ்வளவுதான்.

50 சதம் என்பது அன்றைய தென்பகுதியில் பருத்தித் தோட்டக் கூலியாள் ஒருவரின் ஒருநாள் உழைப்புக்குக் கிட்டத்தட்ட ஈடானது. பத்திரிகைக்குச் சந்தாதாரர்கள் நாலாயிரத்துக்குச் சற்று மேல். ஆனால் அது ஏறத்தாழ 500 போதகர்களிடமும் 800 தபாற் கந்தோர்களுக்கும் சென்றது. எழுத்தறியாத சமூகத்துக்கு எழுத்தைக் கொண்டு சேர்த்தது போதகரின் குரல். அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதைப் பல தென் மாநிலங்களில் சட்டமே தடை செய்திருந்தது. ஆகவே சொல்லுபவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர், வாசிப்பவர் மூன்றாமவர், கேட்பது முழுச் சபை. வானொலி வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே ஒரு வானொலி என்று இதைச் சொல்லலாம் போலிருக்கிறது.

1879 முதல் 1900 வரையான இப்பத்தியின் கடிதங்கள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் இன்று தொகுக்கப்பட்டுள்ளன. நியூ ஒர்லீன்ஸ் நகரின் வரலாற்று நிறுவனமொன்று அவற்றை எவரும் படிக்கத்தக்கதாக வைத்திருக்கிறது. பிலடெல்பியாவிலிருந்து வந்த 'கிறிஸ்டியன் றெக்கோடர்', நாஷ்வில் நகரின் 'கலர்ட் ரெனசியன்' ஆகிய பத்திரிகைகளிலும் போர் முடிந்த 1865 ஆம் ஆண்டு தொடக்கம் இவ்வகை விளம்பரங்கள் வந்தன. வில்லநோவா பல்கலைக்கழகம் 2017 இலிருந்து அவற்றையும் தேடிச் சேர்த்து வருகிறது.

இவற்றைத் தொடர்ந்து படித்துக்கொண்டு போகும்போது ஒரு விடயம் முதலில் விசித்திரமாகவும் பின்பு நெஞ்சை அறுப்பதாகவும் இருக்கும். தாயைத் தேடும் மகள் தாயின் முகத்தை வர்ணிப்பதில்லை. உயரம், நிறம், வடு எதையும் அநேகமாகச் சொல்வதில்லை. சொல்வதெல்லாம் சொந்தக்காரர்களின் பெயர்கள். என் தாய் முதலில் இன்னாருக்குச் சொந்தமாயிருந்தாள். அவர் இறந்தபோது சொத்துப் பிரிவினையில் இன்ன மருமகனின் பங்குக்குப் போனாள். அவர் கடன்பட்டு இன்ன வியாபாரிக்கு விற்றார். என்னை மிசிசிப்பிக்குக் கொண்டு வந்தவர் இன்னார். அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும். என் தம்பி கைக்குழந்தை. இப்படியே போகும்.

இலங்கை வானொலியின் மரண அறிவித்தல்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் என்று உறவுகளை அடுக்கித்தான் நாம் ஒருவரை அடையாளம் காட்டுவோம். அந்த அடுக்கிலே உறவினர் நிற்கும் இடங்களில் எல்லாம் விற்றவனையும் வாங்கியவனையும் நிறுத்திப் பாருங்கள். அதுதான் இந்தக் கடிதங்களின் வடிவம்.

அதற்குக் காரணம் உண்டு. அடிமைக்குச் சட்டபூர்வமான குடும்பப் பெயர் இல்லை. கைமாறும்போது முற்பெயரையும் மாற்றும் எசமான்கள் இருந்தார்கள். விடுதலைக்குப் பின்னர் அவரவர் தாமாகவே ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். 1850, 1860 ஆகிய குடிசன மதிப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை உண்டு; அதில் எசமானின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும், அடிமையின் பெயர் இராது. எல்லோருக்கும் பெயர் எழுதப்பட்டது 1870 இல்தான். ஆகவே அரசாங்கப் பதிவேட்டில் தேடவும் வழியில்லை. தாய் இன்று என்ன பெயரில் வாழ்கிறாள் என்று மகளுக்குத் தெரியாது. மகள் பெயரும் தாய்க்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது எசமானின் பெயர் ஒன்றுதான். தம்மைப் பிரித்தவனின் பெயரே ஒருவரையொருவர் கண்டுபிடிப்பதற்கான விலாசமாயிற்று.

எப்படிப் பிரிந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கா 1808 இல் தடை செய்தது. அதே காலத்தில் தெற்கே பருத்தி பெருகிற்று. கையாட்கள் வேண்டும். மேரிலாந்து, வேர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களிலிருந்து அலபாமா, மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களுக்கு உள்நாட்டு வியாபாரம் தொடங்கியது. 1790 க்கும் 1860 க்கும் இடையில் ஏறக்குறையப் பத்து இலட்சம் பேர் இவ்வாறு பெயர்க்கப்பட்டனர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அடிமைகளின் திருமணத்தை நடத்திவைத்த சில போதகர்கள் மரணம் பிரிக்கும் வரை என்ற வாசகத்தோடு, தூரம் பிரிக்கும் வரை என்பதையும் சேர்த்துச் சொன்னார்களாம். சட்டத்தை நன்கு அறிந்த போதகர்கள்!

இனி, ஒருவரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பெயர் பீற்றர்.

மேரிலாந்தின் கிழக்குக் கரையில் லெவின் என்பவரும் அவர் மனைவி சிட்னியும் அடிமைகளாயிருந்தனர். (சிட்னி இங்கே பெண்ணின் பெயர்.) லெவின் உழைத்துத் தம்மை விலைகொடுத்து மீட்டுக்கொண்டு நியூ ஜேர்சிக்குப் போனார். சிட்னி நான்கு பிள்ளைகளுடன் தப்பி அவரிடம் போய்ச் சேர்ந்தாள். பிடிபட்டாள். திரும்பக் கொண்டுவரப்பட்டாள். மீண்டும் ஓடத் தீர்மானித்தபோது நான்கு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பெண்பிள்ளைகள் இருவரை எடுத்துக்கொண்டாள். ஆண்பிள்ளைகள் இருவர் உறங்கிக்கொண்டிருந்தனர். அவர்களை முத்தமிட்டுவிட்டுப் போனாள். மூத்தவனுக்கு எட்டு வயது, பெயர் தகப்பன் பெயரே, லெவின். இளையவன் பீற்றருக்கு ஆறு வயது. எசமான் இருவரையும் கெண்டக்கிக்கு விற்றான். பிறகு அவர்கள் அலபாமா போய்ச் சேர்ந்தனர். மூத்தவன் அங்கேயே அடிமையாக இறந்தான்.

பீற்றர் நாற்பது வருடத்துக்கு மேல் அடிமையாயிருந்தார். மணம் செய்தார், பிள்ளைகள் பெற்றார். கடைசியில் டஸ்கம்பியா என்ற ஊரில் ஜோசப் பிரீட்மன் என்ற யூத வியாபாரியுடன் இரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டார். வியாபாரி அவரை வாங்குவது. பீற்றர் தாம் சேமித்த 500 டொலரைக் கொடுத்துத் தம்மையே மீட்டுக்கொள்வது. 1850 ஆகஸ்ட் மாதத்தில் சுதந்திர மனிதராகப் பிலடெல்பியாவில் கால் வைத்தார். வயது ஐம்பது. கையிலிருந்த ஆதாரம் இரண்டு பெயர்கள்: லெவின், சிட்னி. அவருடைய திட்டம் எளியது. நகரின் பழைய கறுப்பினத் தேவாலயங்களில் ஓர் அறிவித்தலை வாசிப்பிக்க வேண்டும். ஆறு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பையன்களை இழந்த குடும்பம் யாருக்காவது தெரியுமா என்று கேட்க வேண்டும். முப்பது வருடம் கழித்து நியூ ஒர்லீன்ஸ் பத்திரிகை செய்ததையே இந்த எழுத்தறியா மனிதர் தன்னந்தனியே யோசித்திருந்தார்.

உதவி கேட்டு அடிமை ஒழிப்புச் சங்கத்தின் அலுவலகத்துக்குப் போனார். அங்கே எழுதுவினைஞராக இருந்தவர் வில்லியம் ஸ்டில் என்ற இளைஞர், இருபத்தெட்டு வயதுக் கறுப்பினத்தவர். வந்தவரின் கதையைக் குறித்துக்கொள்ளக் கேள்விகள் கேட்டார். தகப்பன் பெயர் லெவின். தாயின் பெயர் சிட்னி. வில்லியமின் பேனா நின்றிருக்க வேண்டும். அவருடைய வீட்டில் பதினெட்டுப் பிள்ளைகள், அவர் கடைக்குட்டி. தாம் பிறப்பதற்குப் பல வருடம் முன்னரே கைவிடப்பட்ட இரண்டு தமையன்மார் உண்டென்று தாய் சொல்லிச் சொல்லி அழுததைக் கேட்டு வளர்ந்தவர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தத் தாயின் பெயர் அப்போது சிட்னி அல்ல. தப்பி வந்தவளை எசமான் மறுபடி தேடிப் பிடிக்காதபடி சரிற்றி என்று மாற்றியிருந்தார்கள். குடும்பப் பெயரும் ஸ்டீல் என்றிருந்தது ஸ்டில் ஆயிற்று. பீற்றரோ தம்மை மீட்க உதவியவரின் பெயரைத் தரித்துப் பீற்றர் பிரீட்மன் என்று வந்திருந்தார். பிலடெல்பியா நகரத்தின் கதவு ஒவ்வொன்றையும் தட்டியிருந்தாலும் சிட்னி என்றொருத்தியை அவர் கண்டிருக்க மாட்டார். பழைய பெயர் இரகசியமாய் வாழ்ந்த ஒரே குடும்பத்தின் கடைசி மகன் அன்று அந்த மேசையில் இருந்தான். தற்செயல்தான். ஆனால் அந்த மேசை அங்கே இருந்தது தற்செயலல்ல. தப்பி வருபவர்களுக்கென்று அதை ஏற்படுத்தி வைத்திருந்தார்கள்.

வில்லியம் உடனே சொல்லவில்லை. இன்னும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, பிறகுதான் நான் உன் தம்பி என்றார். பீற்றர் மகிழவில்லை, பயந்தார். அடிமை வியாபாரிகளின் வலையோ என்று ஐயுற்றார். இதை எந்தக் கதாசிரியனும் இலகுவில் எழுதியிருக்க மாட்டான் என்று தோன்றுகிறது. நாமெல்லாம் கட்டித் தழுவவே விட்டிருப்போம். தமக்கைமாரைக் கண்டும் சந்தேகம் முற்றாகத் தீரவில்லை. நியூ ஜேர்சியில் எண்பதை நெருங்கிய தாயைக் கண்டபோதுதான் தீர்ந்தது.

அடுத்த மாதமே, 1850 செப்டெம்பரில், தப்பியோடிய அடிமைகளை எங்கிருந்தும் பிடித்துத் திருப்பி ஒப்படைக்கும் கடுமையான சட்டம் நிறைவேறிற்று. சட்டப்படி அந்த முதிய தாய் இன்னும் மேரிலாந்துக்காரனின் உடைமை. இதனால் 1856 இல் கேற் பிக்கார்ட் என்பவர் பீற்றரின் வாழ்க்கையை நூலாக எழுதியபோது தாய் விட்டுச் சென்ற செய்தி இடம்பெறவில்லை. பிள்ளைகள் கடத்தப்பட்டதாகவே எழுதப்பட்டது. உண்மையைப் பின்னர் வில்லியம் தமது நூலில் வெளியிட்டார்.

பீற்றரின் மனைவி வைனாவும் மூன்று பிள்ளைகளும் அலபாமாவிலேயே இருந்தனர். சேத் கொங்க்ளின் என்ற வெள்ளையர் தாமாகவே முன்வந்து 1851 இல் அவர்களை அழைத்துவரப் போனார். ஆற்று வழியாகப் பல இரவும் பகலும் சிறு தோணியில் வலித்து இந்தியானா வரை கொண்டு வந்து சேர்த்தார். அங்கே பிடிபட்டனர். குடும்பம் அலபாமாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. கொங்க்ளினின் சடலம் சங்கிலியுடன் ஆற்றில் கிடந்தது. தோட்டக்காரர் நால்வருக்கும் 5,000 டொலர் விலை சொன்னார். பீற்றர் வட மாநிலங்களில் ஊர் ஊராகச் சென்று தம் கதையைச் சொல்லிப் பணம் திரட்டினார். 1854 ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களை மீட்டார்.

தமையனைக் கண்ட அந்த நாளுக்குப் பின்னர் வில்லியம் ஸ்டில் தம்மிடம் வந்த ஒவ்வொருவரிடமும் பழைய பெயர், புதிய பெயர், எசமான், விட்டுவந்த உறவு எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டு எழுதினார். இன்னொரு தம்பி இன்னொரு தமையனைத் தேடி வரக்கூடுமல்லவா? அகப்பட்டால் எழுதியவருக்கும் சொன்னவருக்கும் ஆபத்து. ஒரு கட்டத்தில் ஏடுகளைக் கல்லறைத் தோட்டமொன்றின் கட்டடத்தில் ஒளித்து வைத்தார். 1872 இல் அவை 'தி அண்டர்கிரவுண்ட் ரெயில் ரோட்' என்ற பெருநூலாக வெளிவந்தன. அதை அடிமை ஒழிப்பு இயக்கத்தின் வீர வரலாறு என்று பலர் படிக்கிறார்கள். எனக்கென்னவோ அது முதலில் ஓர் உறவுப் பதிவேடு என்றே படுகிறது.

போர் முடிந்தபின் அரசாங்கம் விடுதலை பெற்றோருக்கென ஒரு பணியகத்தை 1865 இல் அமைத்தது. கடிதம் எழுதிக் கொடுத்தது, சிலருக்குப் பயணச் சீட்டுக் கொடுத்தது, 1872 இல் மூடப்பட்டது. பெரும்பாலோர் தாமாகவே தேடினர். 'தி நேஷன்' சஞ்சிகைக்காகத் தெற்கைச் சுற்றிவந்த ஜோன் டெனெற் என்ற நிருபர், 1865 இலையுதிர் காலத்தில் வட கரோலினாவில் ஒரு மனிதரைச் சந்தித்தார். நடந்து களைத்த கால்கள், கையில் ஒரு தடி. விற்பனையால் பிரிந்த மனைவி மக்களைத் தேடி ஜோர்ஜியாவிலிருந்து ஏறக்குறைய 600 மைல் நடந்தே வந்திருந்தார். பிறகு கண்டாரா என்பதை டெனெற் எழுதவில்லை.

கண்டவர்களுக்கும் எல்லாம் இனிதே முடிந்துவிடவில்லை. லோறா ஸ்பைசர் என்ற பெண்ணின் கணவன், அவளை இறந்தவளென்று நம்பி வேறொருத்தியை மணந்திருந்தான். போருக்குப் பின் இவள் உயிரோடிருப்பது தெரிந்தது. அவன் எழுதிய கடிதங்கள் சில தப்பியிருக்கின்றன. உன்னை வந்து பார்க்க எனக்குத் துணிவில்லை, பார்த்தால் பிரிய முடியாது, நீ நல்ல ஒருவனை மணந்துகொள் என்ற பொருள்பட எழுதுகிறான். பிறகு ஒன்று கேட்கிறான். பிள்ளைகளின் தலைமயிரில் சிறிது வெட்டி, தனித்தனிக் காகிதத்தில் மடித்து, ஒவ்வொன்றிலும் பெயரை எழுதி அனுப்பு என்கிறான். ஹெதர் அன்ட்ரியா வில்லியம்ஸ் என்ற வரலாற்றாசிரியை இத்தகைய தேடல்களைப் பற்றி 2012 இல் முழு நூலே எழுதினார். ரொனி மொறிசனின் 'பிலவ்ட்' (1987) நாவலிலே வரும் பேபி சக்ஸ் கிழவியும் போதகர் ஒருவரைக் கொண்டு இரண்டு வருடம் கடிதம் எழுதுவித்துத் தன் பிள்ளைகளைத் தேடி, ஒருவரையும் காணாமல் ஓய்ந்து போகிறாள். மொறிசன் வரலாறு படித்தவர் என்பதற்கு அந்தச் சிறு பகுதியே போதும்.

செஸ்நட்டின் கதை முடிவைச் சொல்வதாகக் கூறினேன். விருந்து நடக்கிறது. ரைடர் எழுந்து கிழவியின் கதையைச் சொல்கிறார். அந்தக் கணவன் உயர்ந்த நிலைக்கு வந்து, அவளை மறந்து, வேறொருத்தியை மணக்க இருக்கையில் அவள் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் என்ன செய்ய வேண்டும் என்று சபையைக் கேட்கிறார். அவர் மணக்க இருந்த பெண்ணே முதலில் சொல்கிறாள், அவன் அவளை ஏற்க வேண்டுமென்று. அவர் பக்கத்து அறைக்குப் போய்க் கிழவியைக் கைபிடித்து அழைத்து வந்து நிறுத்துகிறார். பலர் இதைத் தியாகக் கதை என்பார்கள். லோறாவின் கணவனுடைய கடிதத்தைப் படித்த பின்னர், செஸ்நட் தம் ரைடருக்கு இரண்டாவது மனைவியும் பிள்ளைகளும் இல்லாமற் பார்த்துக்கொண்டதை நான் கவனிக்கிறேன். அவை இருந்திருந்தால் சபையிடம் கேட்டிருப்பாரா?

அக்கதை வெளிவந்த 1898 இலும் நியூ ஒர்லீன்ஸ் பத்திரிகையில் அந்தப் பத்தி வந்துகொண்டுதான் இருந்தது. விடுதலை கிடைத்து முப்பத்து மூன்று வருடங்கள் கழிந்திருந்தன. ஒன்று சேர்ந்தோம் என்று எழுதி வந்த கடிதங்கள் மிகச் சில. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னரும் வேறு பத்திரிகைகளில் இவ்விளம்பரங்கள் வந்தன. எழுதியவர்களில் தாமே பேரப்பிள்ளைகள் கண்ட முதியவர்கள் இருந்தனர். தேடியது தாயை. பிரிந்த அன்று தனக்கு என்ன வயது, தாயின் இடுப்பிலிருந்த குழந்தை ஆணா பெண்ணா, வண்டி எந்தப் பக்கம் போயிற்று என்பதை எழுதிவிட்டு, கடைசி வரியில் தங்கள் விலாசத்தைத் தவறாமல் குறிப்பிட்டார்கள்: இன்ன போதகரின் மேற்பார்வை, இன்ன தபாற் கந்தோர், ரெக்சஸ்.